எச்சில் முகமூடி

“நான்தாங்க அவனைக் கொன்னேன்” என்றான் சோலைமுத்து.

துபாயிலிருந்து மலைப்பாதையில் எலும்பு கழல வந்து, புஜைரா போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்ததும் என் காதில் விழுந்த முதல் வாக்கியம் இது. காப்பாற்ற வந்தவர்களிடமே இப்படிச் சொன்னால் நாங்கள் எதைத் துப்பறிவது? நான் பென்சிலைக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

“கேஸ் முடிஞ்சுது சார். டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்.”

“ஷியாமளா, பென்சிலை வெளியே எடுங்க” என்றார் என் பாஸ்.

பாஸ் என்றால் அனந்தகிருஷ்ணன். எழுபத்தொன்று பாகிஸ்தான் போரின்போது நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். கடற்படையை விட்டு வந்து துபாயில் ஒரு மாடி அறையில் ஆபீஸ் போட்டிருக்கிறார். கப்பலிலோ எண்ணெய்த் தொட்டியிலோ யாராவது செத்தால், கம்பெனி சொல்கிறபடி அது நடந்ததா என்று பார்த்துச் சொல்வது தொழில். நான் அவருக்கு டைப் அடிக்கிறேன், அவர் தொலைக்கும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுக்கிறேன், அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசுகிறேன். மூன்றாவது வேலைக்குத்தான் சம்பளமே என்பது என் கணவரின் கருத்து.

விஷயம் இதுதான். புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்று. தொட்டி காலியான பிறகும் அடியில் சேறு மாதிரி கசடு தங்கிவிடும். ஆள் உள்ளே இறங்கி அதை வாரி வெளியே அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பது மனிதன் மூச்சுவிடுகிற காற்று அல்ல. அதனால் மார்பில் ஒரு ரப்பர் பையைக் கட்டி, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்து, மூக்குக்குக் கிளிப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் அதற்குப் பெயர் முகமூடி. சோலைமுத்துவும் உடையப்பனும் ராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள். இருவருக்கும் ஒரே தொட்டி, ஒரே முகமூடி, மாற்று ஷிஃப்ட். ஒருவன் ஏறினால் மற்றவன் இறங்குவான். அப்படி இறங்கிய உடையப்பனைப் பிணமாகத்தான் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். 

ஷிஃப்ட் மாறும்போது சோலைமுத்து முகமூடியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் ஏதோ செய்ததைக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் பார்த்திருக்கிறார். கருவியைக் கெடுத்தான் என்று அவர் புகார் கொடுக்க, இவனும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான். மறுநாள் காலை தீர்ப்புச் சொல்லும் காஜி முன்னால் நிறுத்தப்போகிறார்கள். அங்கேயும் இதே பாட்டைப் பாடினால் இவன் தலை தப்பாது.

“குழாயடியில என்னப்பா பண்ணே?” என்றார் அனந்தகிருஷ்ணன்.

“கழுவினேங்க.”

“எதுக்கு?”

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல அவன் என்னைப் பார்த்தான். “என் எச்சிலுங்கம்மா. ஷிஃப்ட் பூரா நான் கடிச்சுக்கிட்டு இருந்தது. அதை அப்படியே எப்படி இன்னொருத்தன் வாயில வைக்கக் குடுக்கிறது?”

“தினமும் கழுவுவியா?” என்றார் பாஸ்.

“நான் மட்டுமில்லீங்க, அவனும் சுத்தம் பண்ணித்தான் குடுப்பான். மத்த நாளு ஈரத்துணியில தொடைக்கிறதோட சரி. அன்னிக்கு எனக்கு மண்டை வெடிக்கிற மாதிரி வலி. வாந்தி வர்றாப்புல இருந்துச்சு. குழாய்க்குள்ள எச்சி நெறைய எறங்கிருச்சு. அதான் தண்ணியை உள்ளயே ஊத்திக் குலுக்கிக் கொட்டினேன். அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெள்ளையா வந்துச்சு. அப்புறந்தான் சேஃப்டி சார் சொன்னாரு, உள்ள தண்ணி போனா மருந்து செத்துப்போகும்னு. நான்தாங்க கொன்னேன்.”

“அந்த வெள்ளைத் தண்ணி கையில பட்டுச்சா?”

“பட்டுச்சுங்க.”

“எரிஞ்சுதா?”

“இல்லீங்க. பச்சைத் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு.”

அனந்தகிருஷ்ணனின் கை தானாகக் கீழுதட்டுக்குப் போனது. அங்கே ஒரு பழைய தழும்பு உண்டு. எப்படி வந்தது என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன், கல்யாணத்தில் பாயசம் சூடாக இருந்தது என்று மழுப்புவார். இப்போது அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே போலீஸ் லெப்டினன்ட் பக்கம் திரும்பி, இறந்தவனின் வாயில் புண்ணோ வேக்காடோ இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

லெப்டினன்ட் இளைஞர், மரியாதைக்காரர், எங்களுக்குக் கண்ணாடி டம்ளரில் பால் சேர்க்காத சுலைமானி டீ கொடுத்திருந்தார். டாக்டர் பார்த்ததாகவும் வாய் சுத்தமாக இருந்ததாகவும் சொன்னார். பிறகு என்ன, கலாஸ், முடிந்ததுதானே என்பது போலக் கைகளைத் தட்டிக்கொண்டார்.

“கலாஸ் இல்லை” என்றார் என் பாஸ். “அந்த முகமூடியை நான் பார்க்கணும்.”

அலமாரியிலிருந்து வந்தது. பைக்குள் இருந்த தகர டப்பாவைத் திறந்து, அதிலிருந்த வெள்ளைப் பொடியில் கொஞ்சம், லெப்டினன்ட்டின் கண்ணெதிரிலேயே, ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டார். டப்பாவின் அடியில் ஒரு நங்கூர முத்திரையும் நாற்பத்து மூன்று என்ற எண்ணும் இருந்தன.

ஸ்டேஷனுக்கு எதிரிலேயே காதர் மைதீன் கடை. கீழக்கரைக்காரர். டீ, பரோட்டா, மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு. கேம்ப் ஆட்களுக்கு அவர் கடைதான் தபாலாபீஸ், பஞ்சாயத்து எல்லாம். எங்களுக்குப் போன் செய்து கூப்பிட்டதும் அவர்தான்.

“என்ன சார், புள்ளையை வெளியே எடுத்துரலாமா?”

“பாய், உங்க புள்ளை உள்ளேயே இருக்கணும்னு அடம் பிடிக்கிறான்” என்றேன் நான்.

அனந்தகிருஷ்ணன் காகிதப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். “அந்த முகமூடி எங்க சாமான் ஷியாமளா. நீர்மூழ்கி அடிபட்டுத் தரை தட்டினா, உள்ளே இருக்கிறவன் தப்பிச்சு மேலே வர்றதுக்கான கருவி. டப்பா அடியில இருந்த நாப்பத்து மூணு, செஞ்ச வருஷம்; ரெண்டாவது உலகப் போர் சரக்கு. உடைச்ச கப்பல்லேருந்து காயலான் கடைக்கு வந்து, அங்கேருந்து இங்கே வந்திருக்கு.”

“என்னைவிட வயசான மூச்சா?”

“ஆமாம். பையில ஆக்ஸிஜன் கொஞ்சம்தான் இருக்கும். நாம விடுற மூச்சு இந்த டப்பா வழியா போகும். உள்ளே இருக்கிற சுண்ணாம்பு அதுல கெட்டதை உறிஞ்சிக்கும். மிச்சம் திரும்பப் பைக்கு வரும். அதையே மறுபடி மறுபடி சுவாசிக்கலாம்.”

“சுண்ணாம்பு உறிஞ்சலைன்னா?”

“தலைவலி, வாந்தி, மயக்கம். அப்புறம் எழுந்திருக்க மாட்டோம்.” டீயை ஒரு வாய் குடித்தார். “கப்பல் பூராவே அப்படித்தான். பகலெல்லாம் தண்ணிக்கடியில. சாயங்காலம் தீக்குச்சி கிழிச்சா பத்தாது, காத்து அவ்வளவு மட்டம். யாரும் பேசாதே, படுத்துக் கிடன்னு ஆர்டர். பேசினா காத்து செலவாகும்.”

“என்னை ஏத்தியிருந்தா முதல் நாளே வெளியே தள்ளியிருப்பீங்க.”

“கதவைத் திறக்க முடியாது, அதுதான் சிக்கல்.” அவர் சிரிக்கவில்லை. “குளியல் கிடையாது. டீசல் நாத்தம் சோத்துல ஏறும். ரொட்டியில பூஞ்சையைச் சுரண்டிட்டுத் தின்போம். ரெண்டு பேருக்கு ஒரு படுக்கை. அவன் டியூட்டிக்கு எழுந்து போனா நான் படுக்கணும். அவன் உடம்புச் சூடு அப்படியே இருக்கும். அந்தச் சூட்டுல போய்ப் படுக்கிற அருவருப்பு இருக்கே, குண்டு விழுற பயம்கூட அப்புறம்தான்.”

“இங்கே மட்டும் என்ன வாழுதாம்?” என்றார் காதர் மைதீன். “இந்த ரெண்டு பயலுக்கும் ஒரே கட்டில்தான் சார். இவன் எந்திரிச்சா அவன் படுப்பான். கேம்ப்ல பாதிப் பேருக்கு அதுதான் கதி.”

“எங்களுக்குப் போர்னு ஒரு சாக்காவது இருந்துச்சு பாய்.”

பேசாமல் இருப்பது எனக்குச் சம்பளத்தில் சேர்த்தி இல்லை என்பதால் நானே ஆரம்பித்தேன். “சரி சார், பாயசத் தழும்புக்கு வாங்க.”

“நல்ல சுண்ணாம்புல தண்ணி பட்டா வாயை வேக வெச்சிடும். பயிற்சியில என் டப்பாவுக்குள்ள தண்ணி போயிடுச்சு, தெரியாம உறிஞ்சிட்டேன். எங்க கப்பல்ல அதுக்குப் பேரு எமன் காப்பி. ரொம்ப நாளைக்கு உப்பும் தெரியலை, உறைப்பும் தெரியலை. சோலைமுத்து தண்ணி ஊத்திக் குலுக்கியிருக்கான், கை எரியலை. அதே முகமூடியை உடையப்பன் கடிச்சிருக்கான், வாய் வேகலை. அப்படின்னா தண்ணி படுறதுக்கு முன்னாலேயே இது செத்த சுண்ணாம்பு. நாள்பட்டுக் காத்து பட்டா சாக்பீஸ் மாதிரி ஆயிடும்; மிச்சமிருந்த கொஞ்ச வீரியமும் இத்தனை நாள் இவங்க மூச்சுல தீர்ந்திருக்கும். பார்த்தா ரெண்டும் ஒரே வெள்ளை.”

“அப்ப சோலைமுத்துக்குச் சம்பந்தமே இல்லையே!”

“எனக்குத் தெரியும். காஜிக்கு எப்படித் தெரியும்? பரிசோதனைக்கு துபாய் அனுப்பினா பதில் வர்றதுக்குள்ள தீர்ப்பே வந்துடும்.”

நான் பொட்டலத்தைப் பார்த்தேன். “சார், இது வெத்தலைச் சுண்ணாம்பு ஜாதிதானே?”

“அதே ஜாதிதான். ரோஷம் கொஞ்சம் அதிகம்.”

“பாய், கொஞ்சம் மஞ்சள்தூள் குடுங்க.”

“டீக்கடையில மஞ்சளா தங்கச்சி?”

“மீன் குழம்பை வெள்ளையாவா வைக்கிறீங்க? அப்படியே உங்க வெத்தலைப் பெட்டியிலேருந்து ஒரு விரல் சுண்ணாம்பும்.”

இரண்டு சாசரில் மஞ்சளைக் கரைத்தேன். ஒன்றில் காதர் மைதீனின் சுண்ணாம்பைப் போட்டு விரலால் கலக்கினேன். குப்பென்று ரத்தச் சிவப்பாக மாறியது. எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளைக்குச் சுற்றுகிற ஆரத்தி இதுதான். இன்னொன்றில் பொட்டலத்துப் பொடியைப் போட்டுக் கலக்கினேன். இன்னும் போட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “கடற்படையில எனக்கு வேதியியல் சொல்லிக் குடுத்தாங்க.”

“எனக்கு நாத்தனார் கல்யாணத்துல சொல்லிக் குடுத்தாங்க.”

“வாய் எச்சிலை அந்தப் பையன் கழுவிட்டான் ஷியாமளா” என்றார் அவர் சாசரைப் பார்த்தபடி. “மூச்சு எச்சிலைக் கழுவ வேண்டியது இந்த டப்பா. உடையப்பன் தன் எச்சில் மூச்சையே திரும்பத் திரும்பக் குடிச்சு செத்திருக்கான்.”

காதர் மைதீனிடம் மஞ்சள்தூளைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

கம்பெனி ஸ்டோர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. லெப்டினன்ட்டும் எங்களோடு வந்தார். சேஃப்டி ஆபீசர் சீதாராமன் மடிப்புக் கலையாத சட்டையில் எழுந்து வந்து வரவேற்றார். மாம்பலமாம். குடும்பத்தோடு இருக்கிறாராம். தமிழ்க் குரல் கேட்டதில் அவ்வளவு சந்தோஷம், உட்காரச் சொல்லி ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றினார். அப்படிப்பட்டவரை வெறுப்பது முதல் ஐந்து நிமிஷத்துக்குக் கஷ்டம்.

“பாவம் சார் அந்தப் பையன்” என்றார். “படிப்பு கிடையாது. கழுவாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எச்சில் பத்துன்னு இவங்களுக்கு ஒரு பிடிவாதம்.”

“கழுவாதேன்னு சொல்லியிருக்கீங்களா?”

“பொதுவா சொல்றதுதான்.”

“கருவியெல்லாம் பழசு போலிருக்கே?”

“பழசுன்னாலும் ராணுவச் சரக்கு சார். ஆபீஸ்ல வாங்கிக் குடுத்தாங்க, நான் ஆளுங்களுக்குக் குடுத்தேன். எல்லாம் ஒண்ணுபோல கண்டிஷன்ல இருக்கு.”

சுவரோரம் ஆணிகளில் முகமூடிகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் ஒரே கறுப்பு ரப்பர், ஒரே பை. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

“எனக்கு ஒரு உதவி பண்ணுங்க” என்றார் அனந்தகிருஷ்ணன். “இதைப் போட்டுக்கறதுக்கு ஒரு முறை உண்டு. நான் விட்டு ரொம்ப நாளாச்சு, மறந்துபோச்சு. லெப்டினன்ட்டுக்கு ஒண்ணைப் போட்டு, ரெண்டு மூச்சு விட்டுக் காட்டுங்களேன்.”

என் பாஸ் எதையாவது மறந்தார் என்றால் அது மூக்குக்கண்ணாடியை மட்டும்தான். நான் காப்பி டம்ளருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

சீதாராமன் எழுந்தார். அவர் தோளை உரசுகிற மாதிரி ஒரு முகமூடி தொங்கியது. அதை விட்டார். அடுத்ததை விட்டார். வரிசை முழுக்க நடந்து, கதவுக்குப் பின்னால் கடைசி ஆணியில் தொங்கியதை எடுத்து மார்பில் கட்டினார். பையைத் திருப்பிப் பார்த்து, மூலையில் சின்னதாக ஒட்டியிருந்த பிளாஸ்திரியை விரலால் ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

“போதும்” என்றார் அனந்தகிருஷ்ணன். “கையெட்டுற தூரத்துல இத்தனை இருக்கே சீதாராமன். எல்லாம் ஒண்ணுபோல கண்டிஷன்ல இருக்குன்னீங்க. ஏன் அவ்வளவு தூரம் போனீங்க?”

“அது... என்னோடது சார். உள்ளே இன்ஸ்பெக்‌ஷனுக்கு இறங்குவேன்ல. எச்சில்...”

“எச்சில் பத்து படிக்காதவங்க பிடிவாதம்னு இப்பத்தான சொன்னீங்க?” என்றேன்.

மஞ்சள்தூளை எடுத்து அவருடைய காப்பி டவராக்கள் இரண்டில் கரைத்தேன். லெப்டினன்ட் தன் கையாலேயே டப்பாக்களைத் திறந்தார். தோளை உரசிய முகமூடியின் பொடி மஞ்சளில் விழுந்து மஞ்சளாகவே கிடந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய முகமூடியின் பொடி விழுந்ததும் டவரா சிவந்தது. இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. லெப்டினன்ட் ஒரு டவராவைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார், பிறகு சீதாராமனைப் பார்த்தார்.

சீதாராமன் மார்பிலிருந்த வாரைக் கழற்ற முயன்றார். “ஆஸ்பத்திரியில மயக்க மருந்து மெஷினுக்கு இதே சுண்ணாம்புதான் போடுவாங்க சார். தெரிஞ்சவர் மூலமா ஒரு டின் கிடைச்சுது. எல்லாத்துக்கும் மாத்தணும்னு ஆபீஸ்ல கேட்டேன், மாட்டேன்னுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? நானும் உள்ளே இறங்கணும். எனக்கு ரெண்டு பொண்ணு சார்.”

“உடையப்பனுக்கு?” என்றேன்.

அவருக்குத் தெரியவில்லை.

“பையன் குழாயடியில கழுவினதைப் பார்த்ததும் உங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்கும், இல்லை?” என்றார் அனந்தகிருஷ்ணன். அவர் குரல் அப்படிக் கசந்து நான் கேட்டதில்லை. “பழியைப் போட ஒரு ஆள் கிடைச்சான். அவனே நம்புற மாதிரியும் சொல்லிட்டீங்க.”

லெப்டினன்ட் முகமூடியோடு சேர்த்தே அவரை ஜீப்பில் ஏற்றினார். வாசலில் நின்ற ஃபோர்மனை, நாளை வேலை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றான். தொட்டிக்கு நாள் குறித்தாகிவிட்டதாம், முகமூடி மாஃபி, அதாவது இல்லை என்றால் ஆட்கள் முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். இதை அவன் பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னான். அனந்தகிருஷ்ணன் திரும்பிப் போய் ஜீப்பை நிறுத்தி லெப்டினன்ட்டிடம் ஏதோ பேசினார். தொட்டியைப் பூட்டி சாவியை வாங்கச் சொன்னாராம். இந்தத் தொட்டியை அவரால் பூட்ட முடியும். பக்கத்துத் தொட்டி வேறு கம்பெனி.

சாயங்காலம் சோலைமுத்துவை விட்டார்கள். நாங்களே காரில் கேம்ப்புக்குக் கூட்டிப்போனோம். மலைப்பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. டப்பா, சுண்ணாம்பு, மஞ்சள் எல்லாவற்றையும் வழியில் அவனுக்குப் புரிகிற மாதிரி என் பாஸ் சொன்னார். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

“அப்ப நான் கழுவாமக் குடுத்திருந்தாலும் அவன் செத்திருப்பானாங்க?”

“ஆமாம்பா. உன் மேல தப்பு எதுவும் இல்லை.”

அவன் அழுவான், கையெடுத்துக் கும்பிடுவான் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அவன் ரூமில் இரும்புக் கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. உயரம் குறைந்த தகரக் கூரை, மண்ணெண்ணெய் நாற்றம், காயப்போட்ட கைலிகள். உள்ளே காலெடுத்து வைத்த அனந்தகிருஷ்ணன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். எந்த இடம் அவருக்கு நினைவு வந்தது என்று நான் கேட்கவில்லை. சோலைமுத்து மூலையில் இருந்த கட்டிலுக்குப் போய், உட்காராமல் பக்கத்தில் நின்றான்.

“கழுவினதுக்காக மட்டும் நான் அப்படிச் சொல்லலீங்கம்மா” என்றான் என்னிடம். “அன்னிக்கு என் ஷிஃப்ட் இன்னும் முடியலை. தொட்டியோட அந்தக் கோடியில கசடு மிச்சம் இருந்துச்சு. நான் ஏணிப்பக்கமே நின்னு, முடியாதப்பல்லாம் மேல ஏறித் தலையை வெளிய நீட்டி மூச்சு வாங்கிட்டு, ஒப்பேத்திக்கிட்டு இருந்தேன். மண்டைவலி தாங்கலை. உடையப்பன் முன்கூட்டியே எந்திரிச்சு வந்துட்டான். என் மூஞ்சியைப் பாத்துட்டு, ‘நீ போய்ப் படுடா, கோடியில கெடக்கிறதையும் நானே பாத்துக்கறேன்’னான். முகமூடியைக் கழுவிக் குடுத்துட்டு, கூப்பிடு தூரந்தானே, உடனே இங்க வந்துட்டேன்.”

குனிந்து பாயின் மேல் கையை வைத்தான்.

“நல்ல குளிருங்க அன்னிக்கு. படுத்தேன். கட்டில்ல அவன் சூடு இருந்துச்சு. அந்தச் சூட்டுல நல்லாத் தூங்கிட்டேங்க. வந்து எழுப்புனப்பதான் சொன்னாங்க.”

அனந்தகிருஷ்ணன் வெளியே போய் இருட்டைப் பார்த்து நின்றுகொண்டார். சோலைமுத்து பாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை.